காணாமல் போன ஆட்டின் மூணு

"என் கல்யாணம் காணாம போச்சிக்கா" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் மாடிப்படி ஏறி வந்தாள்.

நான் எழுந்தே நின்றுவிட்டேன். நகையைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். நாயைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். போன மாசத்துப் பூனை கேஸில் வாங்கிய கீறல் இன்னும் என் முழங்கையில் எரிகிறது. கல்யாணத்தையே தொலைத்துவிட்டு வந்த முதல் ஆள் இவள்தான்.

"எந்த மண்டபத்துல கடைசியா பாத்தீங்க?" என்றேன்.

"கொளஞ்சி, வாய மூடு. நீ உக்காரும்மா" என்றார் சரிதா அக்கா.

கொளஞ்சி என்பது நான். முத்தியால்பேட்டையில் வடிவேல் சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் எங்கள் துப்பறியும் நிலையம். துப்பறிவது சரிதா அக்கா. இன்சூரன்ஸ் ஆபீஸில் ஊரார் பொய்யை எல்லாம் பிடித்தவர், ஒரு நாள் மேனேஜரின் பொய்யையும் பிடித்துவிட்டதால் வெளியே வந்துவிட்டார். ஸ்கூட்டர் ஓட்டுவதும், பேசக் கூடாத இடத்தில் பேசுவதும் என் இலாகா. மத்தியானத்தில் வேலை இல்லாவிட்டால் கீழே போய் வடிவேலோடு சீட்டாடித் தோற்பதும் என் இலாகாவே.

அந்தப் பெண்ணின் பெயர் சிந்துஜா. கண் வீங்கியிருந்தது, ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது.

"எங்கப்பா கிருஷ்ணசாமி, பந்தல் சாமான் வாடகைக்கி வுடுறாரு. நான் கட்டிக்கப்போற இளம்பரிதியோட அப்பா ஜானகிராமன், தட்டாஞ்சாவடியில கிரில் பட்டறை வெச்சிருக்காரு. ரெண்டு பேருக்கும் ஆவாது."

"எவ்வளவு ஆவாது?"

"ஒரே தெருவுல எதிர எதிர வந்தாங்கன்னா ரெண்டு பேருமே திரும்பிப் போயிடுவாங்க. வந்த வேலை அப்பிடியே நிக்கும்."

மூடிப்போன மில்லில் ஒரே ஷிப்டில் தறி ஓட்டியவர்களாம் இரண்டு பேரும். யூனியன் தேர்தலில் எதிரெதிரே நின்றார்கள். மில்லுக்குப் பூட்டுப் போட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் இவர்கள் சண்டைக்கு யாரும் பூட்டுப் போடவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், கல்யாணத்தில் இருவருக்கும் சம்மதம்தான். யார் முதலில் யார் வீட்டுக்குப் போய்க் கேட்பது என்பதில்தான் இடித்தது. பொண்ணு கேட்டு அவன் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்றார் ஜானகிராமன். பெண்ணைப் பெற்றவன் நான் ஏன் போய் நிற்க வேண்டும் என்றார் கிருஷ்ணசாமி. அப்படியே ஒரு வருஷம் போனது.

"கடைசியில நேத்து மங்காத்தா ஆடி முடிவு பண்ணிக்கலாம்னாங்க" என்றாள் சிந்துஜா.

எனக்கு அந்த இரண்டு கிழவர்களையும் அங்கேயே பிடித்துப்போயிற்று.

மங்காத்தா தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சீட்டின் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு கட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். சொன்ன சீட்டு உள்ளே விழுந்தால் ஒருத்தருக்கு ஜெயம், வெளியே விழுந்தால் அடுத்தவருக்கு. மூளைக்கு இதில் வேலையே கிடையாது, அதனால் எல்லாரும் பிரமாதமாக ஆடுவார்கள். இங்கே பந்தயம் இதுதான்: தோற்றவர் தாம்பூலத் தட்டோடு ஜெயித்தவர் வீட்டுப் படியேறி, முதலில் வாய் திறந்து கேட்க வேண்டும்.

பொது இடமாக ராஜாங்கம் தாத்தா வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பழைய சொல்தா, அதாவது சிப்பாய். இரண்டு பேரையுமே அவருக்குப் பிடிக்காது, அதனால் அவரைவிட நடுநிலையான ஆள் ஊரில் இல்லை. பீரோவிலிருந்து தன் சீட்டுக்கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, "தெருவுல குந்தி ஆடுற ஆட்டத்த நான் பாக்க மாட்டேன்" என்று மத்தியானத் தூக்கத்துக்குப் போய்விட்டார்.

"சீட்டு பேரு யாரு சொன்னது?" என்று அக்கா கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் நம்பல. என்னையே சொல்லச் சொன்னாங்க. வாயில வந்தத சொன்னேன். ஆட்டின் மூணுன்னு." ஆட்டின் என்றால் சிவப்பு இதயம் போட்ட சீட்டு.

கட்டைக் கலைத்தது இளம்பரிதி. உள்ளே போட்டது ஜானகிராமன், வெளியே போட்டது கிருஷ்ணசாமி. ஒருவர் போடும்போது அடுத்தவர் மூச்சே விடவில்லையாம். சிவப்பாக ஒரு சீட்டு புரண்டால் போதும், இரண்டு பேரும் பாதி எழுந்து நின்றிருக்கிறார்கள். ஆட்டின் ஏழு விழுந்தது, உட்கார்ந்தார்கள். ஆட்டின் எட்டு விழுந்தது, ஜானகிராமன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். ஆட்டின் ராணி விழுந்தபோது கிருஷ்ணசாமி அவசரப்பட்டு "அம்மா தாயே!" என்று கத்திவிட்டு, பிறகு இருமலாக மாற்றிக்கொண்டார். கட்டு மளமளவென்று மெலிந்துகொண்டே வந்தது. கடைசிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கிருஷ்ணசாமி ஒரு நிமிஷம் கண்ணை மூடியிருக்கிறார். திருப்பிப் போட்டார்.

இஸ்பேட் ஒன்பது.

ஆட்டின் மூணு வரவே இல்லை.

"அப்புறம்?" என்றேன். நாற்காலி நுனிக்கு எப்போது வந்தேனோ தெரியாது.

"அப்புறம் என்னா, நீ திருடன், நீ திருடன்னு ஆரம்பிச்சாங்க. மேசையைக் கவுத்தாங்க. ரெண்டு பேரும் சட்டையக் கழட்டி ஒதறினாங்க. எங்கப்பா வேட்டியையும் ஒதறப் போனாரு, நல்லவேளை இளம்பரிதி புடிச்சிக்கிச்சி. ராஜாங்கம் தாத்தா எழுந்து வந்து சீட்ட எல்லாம் பொறுக்கி எண்ணிப் பாத்துட்டு, என் கட்டு முழுசா இருக்குன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. கெழவருக்கு மறதின்னு யாரும் காதுல போட்டுக்கல."

"சரி, இதுல கல்யாணம் எப்பிடிம்மா காணாம போச்சி?"

"இன்னிக்கி வெளக்கு வெக்கிற நேரத்துக்கு வீராம்பட்டினம் அம்மன் கோயில்ல ரெண்டு பேரும் கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணப் போறாங்கக்கா. நான் எடுக்கல, அவன்தான் எடுத்தான்னு."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்த இரண்டு வீடுகள் அதற்கப்புறம் ஒன்றில் ஒன்று கை நனைக்காது. சம்பந்தி வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது என்றால் கல்யாணச் சோற்றை எங்கே போடுவது?

"அதுக்குள்ள அந்தச் சீட்டு என்னாச்சின்னு நீங்க சொல்லணும். யாரும் எடுக்கலன்னு வெளியாளு சொன்னாத்தான் நம்புவாங்க" என்றாள்.

"எப்பிடிப் போட்டாங்கன்னு காட்டு" என்றார் அக்கா. நான் மேசை இழுப்பறையிலிருந்து என் கட்டை எடுத்துக் கொடுத்தேன். சிந்துஜா கொஞ்சம் போட்டுக் காட்டினாள். பேச்சு வளர வளர, கையில் இருந்த சீட்டுகளை விசிறியாக விரித்து, அவள் பாட்டுக்கு வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். ஏஸ், அதற்கு அடுத்து பத்து, அப்புறம் ராஜா, ராணி.

"என்னாம்மா, ராஜா தலைமேல பத்து ஏறி உக்காந்திருக்கு? புரட்சியா?" என்றேன்.

அவள் திடுக்கிட்டுச் சீட்டுகளைக் கலைத்துக் கீழே வைத்தாள். "பதட்டத்துல ஏதோ பண்றேன்."

சரிதா அக்கா பொட்டுக்கடலை மென்றுகொண்டிருந்தார். ஒரு நொடி மெல்வதை நிறுத்தினார். பிறகு தொடர்ந்தார்.

முதலில் தட்டாஞ்சாவடி. பட்டறையில் இளம்பரிதி ஒரு கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். வைத்த கம்பியையே மறுபடி மறுபடி வைத்துக்கொண்டிருந்தான், பாவம். ஜானகிராமன் எங்களைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே போட்டார்.

"அவன்தான்யா எடுத்தான்! இந்த வெயில்ல எவனாவது முழுக்கைச் சட்ட போடுவானா? அவன் போட்டான். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள கட்டு தீந்துபோச்சி. எம்மாம் நேரம் ஆவுமோன்னு நெனச்சி நான் சோடாகூட வாங்கி வெச்சிருந்தேன், தொறக்கவே இல்ல."

"சோடா இப்ப இருக்கா?" என்றேன். அக்கா என் காலை மிதித்தார்.

அடுத்து கிருஷ்ணசாமியின் கொட்டகை. அவர் மடக்கு நாற்காலிகள் நடுவே நின்றுகொண்டு, சத்தியத்துக்கு வாங்கிய கற்பூரப் பொட்டலத்தை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

"அவன் வாய்ல வெத்தல! கட்டு மளமளன்னு தீந்துபோச்சி, அதுக்குள்ளயே ரெண்டு தடவ எழுந்து போயி துப்பிட்டு வந்தான். சீட்ட சுருட்டி வாயில போட்டு மென்னு துப்பியிருப்பான். யூனியன்லயே முழுசா முழுங்கினவன் அவன்!"

"துப்பினத போயி பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் கம்பீரமாக.

இதற்கு மேல் நான் என்ன கேட்பது? ஸ்கூட்டரை உதைத்தேன்.

"அக்கா, சட்டையில இல்ல, வேட்டியில இல்ல, எச்சில்லயும் இல்ல. சீட்டு கடல்லதான் குதிச்சிருக்கணும்."

"மூணு பேரும் ஒரு விஷயத்துல மட்டும் ஒத்துப்போறாங்க கொளஞ்சி. கட்டு சீக்கிரமா தீந்துபோச்சி. நாலாவது ஆளு கட்டு முழுசா இருக்குன்றாரு. அவரு பேச்ச மட்டும் யாரும் கேக்கல. நாம கேப்போம்."

ராஜாங்கம் தாத்தா நெஞ்சை நிமிர்த்திக் கதவைத் திறந்தார். "போன்ழூர், வணக்கம். சீட்டு விஷயமா வந்திருந்தா அப்பிடியே போயிடுங்க. நேத்துலேர்ந்து என்னைய பைத்தியக்காரன் ஆக்கிட்டானுங்க. ஒருத்தன் என் பைஜாமா பையிலயே கைய வுட்டான்!"

"நீங்க சொல்றத கேக்கத்தான் வந்தோம் ஐயா" என்றார் அக்கா.

இந்த ஒரு வார்த்தையில் கிழவர் உருகிவிட்டார். பீரோவைத் திறந்து கட்டை எடுத்தார், மேசையில் ஒவ்வொன்றாக வைத்து எண்ணினார். "முப்பது, முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு. ஒண்ணுகூடக் கொறையல. ஆச்சா?"

"தாத்தா, சீட்டுக்கட்டுன்னா அம்பத்திரண்டு இருக்கணும்" என்றேன்.

"அது உங்க கட்டு. இது பெலோத் கட்டு. பிரான்சுல பட்டாளம் முழுக்க இததான் ஆடும். ஏழுக்குக் கீழ சீட்டே கெடையாது. ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு எதுவும் இருக்காது."

நான் மேசையைப் பார்த்தேன். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, படம் போட்ட சீட்டுகள், ஏஸ். அவ்வளவுதான். அந்த இரண்டு புத்திசாலிகளும் இல்லாத சீட்டைத் தேடி ஒருவர் எச்சிலை ஒருவர் கிளறியிருக்கிறார்கள்! எனக்கு வயிறு குலுங்கிச் சிரிப்பு வந்தது. ஆட்டின் மூணை மட்டுமே பார்க்கத் தவித்த நான்கு கண்ணும் வேறு எதையும் பார்க்கவே இல்லை.

"நேத்தே இத சொல்லக் கூடாதா தாத்தா?"

"என்னா சொல்றது? சீட்டு காணோம், சீட்டு காணோம்னு கத்தினானுங்களே தவிர, எந்தச் சீட்டுன்னு ஒருத்தன் சொன்னானா? மூணுன்னு சொல்லியிருந்தா அப்பவே சிரிச்சிட்டு மறுபடி படுத்திருப்பேன்."

"கேஸ் முடிஞ்சிது!" என்று நான் துள்ளிக் குதித்தேன். அக்கா துள்ளவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எனக்கும் பெலோத் சொல்லிக் குடுங்களேன். ஒரு கை போடுவோம்" என்றார்.

தாத்தா மகிழ்ச்சியோடு சீட்டுகளைப் பங்கிட்டார். தன் சீட்டுகளை விரித்து வரிசைப்படுத்தினார். நான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஏஸ், அதற்கு அடுத்து பத்து, அப்புறம் ராஜா, ராணி.

"பெலோத்ல ராஜாவவிட பத்து பெருசு" என்று விளக்கினார் தாத்தா.

எங்கள் மேசையில் சிந்துஜா விரித்த அதே வரிசை. அக்காவைப் பார்த்தேன். அவர் நிதானமாக ஒரு பொட்டுக்கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

"உங்களோட வேற யாரு ஐயா இத ஆடுவாங்க?"

"இந்தத் தெருவுல எவனுக்குத் தெரியும்? ஒரே ஒரு பொண்ணு. பிரெஞ்சு கத்துக்க வந்தது, இப்ப ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து என்னையே தோக்கடிச்சிட்டுப் போவுது. கிருஷ்ணசாமி பொண்ணு, சிந்துஜா."

கட்டையும் தாத்தாவையும் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டர் வீராம்பட்டினத்துக்குப் பறந்தது. மூன்று பேர் என்பதால் பறந்தது என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

"அக்கா, நம்மகிட்ட கேஸ் குடுத்தவளே குத்தவாளியா? இல்லாத சீட்டுன்னு தெரிஞ்சே சொல்லியிருக்கா. அப்புறம் நம்மகிட்ட எதுக்கு வந்தா?"

"கட்டுல மூணு இல்லன்னு அவ வாயால சொன்னா, தெரிஞ்சும் ஏன் மூணுன்னு சொன்னேன்னு கேப்பாங்க. அதான் நம்ம வாயால சொல்ல வைக்கப் பாக்கறா."

"நாம சொன்னாலும் அதே கேள்வி வருமே. மூணுன்னு சொன்னது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். அப்பன்காரன் ஒருத்தன் கோவிச்சிக்கிட்டாலும் கல்யாணம் போச்சி."

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார் அக்கா.

கோயில் வாசலில் கடல்காற்று வேட்டிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. வெற்றிலை பரப்பிய தட்டில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். கிருஷ்ணசாமி தீக்குச்சியைக் கிழித்தார், காற்று அணைத்தது. ஜானகிராமன் கிழித்தார், அதுவும் அணைந்தது. "ஒரு குச்சியக்கூட ஒழுங்காக் கொளுத்தத் தெரியல" என்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். இளம்பரிதியும் சிந்துஜாவும் ஆளுக்கொரு தூணருகே வெளிறிப்போய் நின்றார்கள்.

"நிறுத்துங்க!" என்று நான் கத்தினேன். இதைக் கத்த எனக்கு ரொம்ப நாள் ஆசை.

சரிதா அக்கா சீட்டுக்கட்டை இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் கையிலும் கொடுத்தார். "சத்தியத்துக்கு முன்னாடி ஒரு சின்ன வேல. இதுல ஒரு மூணு எடுத்துக் காட்டுங்க. ஆட்டின்தான் வேணும்னு இல்ல, எந்த மூணா இருந்தாலும் சரி."

தேடினார்கள்.

"சரி, ஒரு ரெண்டு? ஒரு அஞ்சு?"

ஜானகிராமன் சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிருஷ்ணசாமி தன் பங்கை முடித்துவிட்டு அவர் பங்கிலும் எட்டிப் பார்த்தார். ராஜாங்கம் தாத்தா பின்னாலிருந்து முழங்கினார்: "பெலோத் கட்டுல ஏதுடா மூணு, அறிவுகெட்டவனுங்களா!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தாத்தா பக்கம் திரும்பி, "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?" என்று ஒரே குரலில் பாய்ந்தார்கள். இருவரும் சேர்ந்து ஒருத்தரைத் திட்டியது அதுதான் முதல் தடவையாம். இளம்பரிதி பின்னால் சொன்னான்.

ஆனால் நான் பயந்த கேள்வியும் வந்தது. கிருஷ்ணசாமி மெல்லத் திரும்பினார். "ஏம்மா சிந்து, மூணுன்னு சொன்னது நீதான். ஞாயித்துக்கெழம ஆனா அந்தச் சீட்டதான் ஆடுற. உனக்குத் தெரியாதா?"

நான் அக்காவைப் பார்த்தேன். ஏதாவது சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அக்கா சிந்துஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்பா" என்றாள் சிந்துஜா. "தெரிஞ்சிதான் சொன்னேன்."

இளம்பரிதி தூணைப் பிடித்துக்கொண்டான்.

"யாரு தோத்தாலும் எனக்குத்தாம்பா தோல்வி. நீ தட்ட தூக்கிக்கிட்டு ஒரு வாசல்ல தலகுனிஞ்சி நிக்கிறத என்னால பாக்க முடியாது. நான் போயி வாழப்போற வீட்டுப் பெரியவரு நம்ம வாசல்ல அப்பிடி நிக்கிறதையும் பாக்க முடியாது. கட்டு தீந்துட்டா சமன்னு சிரிச்சிக்கிட்டு எழுந்திருப்பீங்கன்னு நெனச்சேன். சட்டையக் கழட்டுவீங்கன்னு எனக்கு என்னா தெரியும்?" சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

கிருஷ்ணசாமி தட்டைப் பார்த்தார், மணலைப் பார்த்தார். என் கண்ணும் கலங்கியது. கடற்கரை மணல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜானகிராமன்தான் முதலில் கனைத்தார். "டேய் கிருஷ்ணசாமி. நம்ம ரெண்டு பேரையும் மேனேஜ்மெண்ட்டு ஏமாத்தப் பாத்தது, முடியல. கவர்மெண்டு ஏமாத்தப் பாத்தது, முடியல. ஒரு சீட்டு பேரச் சொல்லி மொத்தமா ஏமாத்திடுச்சே இந்தப் பொண்ணு! என் மருமவ பெரிய ஆளுதான்டா!"

கிருஷ்ணசாமியின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது.

"என்னா சொன்ன? மருமவளா?" குதிக்காத குறைதான். "கேட்டீங்களா எல்லாரும்? அம்மன் வாசல்ல வெச்சி சொல்லிட்டான்! மொதல்ல வாயத் தொறந்தவன் இவன்தான்! தோத்துட்டான்! என்னா சம்பந்தி, தோத்தியா?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"சம்பந்தியா?" என்றார் ஜானகிராமன், மீசை துடிக்க. "இப்ப யாருடா தோத்தது?"

ராஜாங்கம் தாத்தா கைதட்டிவிட்டார். சிந்துஜா அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டு கிழவர்களும், நீதான் தோத்த, நீதான் தோத்த என்று ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு, சத்தியத்துக்குக் கொண்டுவந்த கற்பூரத்தை அம்மனுக்கு ஆரத்தி காட்டக் கொடுத்தார்கள். தட்டில் வெற்றிலை மிச்சம் இருந்தது. அங்கேயே நின்ற நிலையில் தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். நாளை என்றால் மறுபடி யார் படி, யார் வாசல் என்று ஆரம்பித்துவிடுவார்களோ என்று அவர்களுக்கே பயம்.

தட்டை மாற்றும் நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. என் கட்டைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தேன். தேடி ஆட்டின் மூணை உருவி, வெற்றிலை மேல் வைத்தேன்.

"காணாம போனது கெடச்சிடுச்சி" என்றேன்.

சிந்துஜா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, இளம்பரிதியின் பையில் பத்திரமாக வைத்தாள். சரிதா அக்கா முதன்முறையாக என் வாயை மூடச் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் வடிவேல் சைக்கிள் கடையிலிருந்து கூப்பிட்டான். மங்காத்தா. தோற்பவன் மற்றவனுக்கு டீ வாங்கி வர வேண்டும், இதுவரை எல்லா டீயும் நான்தான் வாங்கியிருக்கிறேன். என் கட்டையே எடுத்துக்கொண்டு இறங்கினேன். வடிவேல் இரண்டு பக்கமும் தானே போட உட்கார்ந்தான், சீட்டின் பெயரை என்னைச் சொல்லச் சொன்னான்.

யோசித்த மாதிரி மேலே பார்த்தேன்.

"ஆட்டின் மூணு" என்றேன்.